இரண்டு சாண் சரடு

என் தங்கை ரேலீன் பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் நடப்பாள். கடைத்தெருவிலும் அப்படித்தான், என் சமையலறையிலும் அப்படித்தான், எங்கள் அப்பாவை அடக்கம் செய்த அன்று தேவாலயத்தின் நடுவழியிலும் அப்படித்தான். தெரியாதவர்கள் அவளுக்கு முழங்காலில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதுகைக் காட்டி நின்றாலும் வருவது அவள்தான் என்று தெரிந்துவிடும். தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் வளைந்து கிடந்தால் தாண்ட மாட்டாள். சுற்றிக்கொண்டு போவாள்.

சிங்கி இறால் படகில் வேலை செய்கிறவர்களின் நடை அது. டெக்கில் எப்போதும் கயிறு கிடக்கும். காலைத் தூக்கி வைத்தால் அது ஒரு வளையத்துக்குள் போய் இறங்கலாம். தேய்த்துக்கொண்டே போனால் கயிறு காலுக்கு முன்னால் ஒதுங்கிக்கொடுக்கும்.

நாங்கள் இருவரும் பெல்லமி துறையில் பிறந்தவர்கள். நான் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு இறால் தொழிற்சாலைக்குப் போனேன். ரேலீன் என்னைவிட ஆறு வயது சிறியவள். அவளும் நேரம் வந்ததும் பின்னாலேயே வந்தாள். அவளுக்கு வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். யாராவது என்னைக் கேள்வி கேட்டால் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். பதில் அங்கிருந்து வரும்.

என் கணவர் நெவ்வுக்குச் சொந்தப் படகு. அவருடைய டெக் ஆள் தோள்பட்டை போய் வேலையை விட்ட வருஷம், வேறு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். ரேலீனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணம் முறிந்து எங்கள் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வறுத்த ஆட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே சொன்னாள்:

“நான் வர்றேன் அத்தான்.”

“நீயா? வாந்தி எடுத்தே இரைப்பெட்டிய நிரப்பிடுவ.”

“உங்க பழைய ஆளு குடிச்சுட்டு எடுத்தான். நான் குடிக்காமயே எடுக்கறேன். லாபம்தானே?”

நெவ் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உருளைக்கிழங்கு இன்னும் வேண்டுமா என்றுதான் வெளியே வந்தது.

அன்று தொடங்கிய பயம் எனக்கு. நெவ் கடலுக்குப் போகிறார் என்பது வேறு. நான் கல்யாணம் செய்தபோதே அவர் கடல்காரர். தங்கை அப்படியில்லை. அவளை நான்தான் கொடுத்தனுப்பியதுபோல் இருந்தது. படகில் நெவ் நிற்பது சக்கரத்துக்குப் பின்னால், கூரைக்குக் கீழே. ரேலீன் நிற்பது கயிறுகளுக்கு நடுவில். இறால் பிடிக்கக் கடலடியில் இறக்கும் கூடு ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. அதை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டால் நாற்பது ஆள் நீளக் கயிறும் அதன் பின்னால் ஓடும், கடைசியில் மிதவை துள்ளி விழும். படகு நிற்காது, அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு அறுபது கூடு. அறுபது தடவை அந்தக் கயிறு அவள் காலடியில் ஓட வேண்டும்.

ரேலீன் படகில் ஏறிய ஏழாவது பருவத்தில், நாரா முனையில் கிரெய்க் டன் என்பவர் போனார். நல்ல வேலைக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கயிறு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூட்டை ஏற்றியபோது அவரும் வந்தார். அதைக் கேள்விப்பட்டபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாகச் சொன்னாள்:

“கையில கத்தி இருந்துச்சாம். மடிச்ச கத்தி. மடிச்சபடியே இருந்துச்சாம். கட்டைவிரல் நகம் மட்டும் பிஞ்சு தொங்குதாம்.”

கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். என் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நகத்தால் நெம்பித் திறக்கிற கத்தி. அலகில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், நகத்தை அதில் வைத்து இழுக்க வேண்டும், இன்னொரு கை கத்தியைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கையால் அவர் எதையோ பிடித்துத் தொங்கியிருக்கிறார். மிச்சம் இருந்தது ஒரு கை, நனைந்த ஒரு நகம்.

அன்று மாலை ரேலீன் ரப்பர் கால்சட்டையைக் கழற்றிப் போட்டதும் அவளுடைய கத்தியை எடுத்துப் பார்த்தேன். பழுப்புக் கைப்பிடி. அலகில் அதே பள்ளம்.

“என்னக்கா, என் பையைக் குடையற?”

“இத ஒத்தைக் கையால திற.”

“எதுக்கு?”

“திற.”

பல்லால் கடித்துத் திறந்து காட்டிவிட்டுச் சிரித்தாள். கத்தியை மடித்து அவள் பையிலேயே வைத்தேன்.

கப்பல் சாமான் கடை ஃபேயுடையது. அறுபது வயது, புகைபிடித்துக் கரகரத்த குரல், ஊரில் யாரையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள். சனிக்கிழமை காலை போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பதினான்கு மடக்குக் கத்திகள் இருந்தன. எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னேன்.

“எல்லாத்தையுமா? யாரைக் கொல்லப் போற, நெவ்வையா? அவனுக்கு ஒண்ணு போதுமே.”

நான் கொண்டுவந்த பையைத் திறந்தேன். ரேலீனின் வேலைக் கையுறை, கூட்டில் கட்டும் கயிறு ஒரு துண்டு, மூடிபோட்ட டப்பாவில் கடல் தண்ணீர், ஒரு கரண்டி மீன் எண்ணெய். இடது கையில் கையுறையை மாட்டி டப்பாவுக்குள் முக்கி எடுத்தேன். வலது கை ஏதாவது ஒன்றைப் பிடித்திருக்கும், அதனால் எல்லாம் இடது கையால் ஆக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

“அடக் கடவுளே,” என்றாள் ஃபே. கதவுப் பக்கம் குரல் கொடுத்தாள், “யாரும் உள்ள வராதீங்கப்பா, லியோனிக்கு என்னமோ ஆயிடுச்சு.”

மரக் கைப்பிடி போட்டது பார்க்க அழகு. ஈரம் பட்டதும் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொண்டது. திருப்புளி, கத்தரிக்கோல், டப்பாத் திறப்பான் எல்லாம் சேர்ந்த சிவப்புக் கத்தி எல்லார் பையிலும் இருப்பதுதான். அதில் ஒவ்வொன்றுக்கும் நகம் வேண்டும். பொத்தானை அமுக்கினால் தானாகத் துள்ளித் திறப்பதை ஃபே வைத்திருக்கவில்லை. “அத வச்சிருந்தா போலீஸ்காரன் என்னைப் பிடிச்சு உள்ள போடுவான்,” என்றாள். அலகின் பக்கத்தில் குமிழ் வைத்தது ஒன்று கட்டைவிரலுக்குச் சுலபமாகத் திறந்தது. ஆனால் கையுறையில் எண்ணெய் பட்டதும் குமிழ் வழுக்கியது. இன்னொன்று திறந்தது, ஆனால் பூட்டு இல்லை. கயிற்றில் வைத்து அழுத்தியபோது என் விரல்மேலேயே மடங்கப் பார்த்தது. கூர்முனைக் கத்திகளை நான் தள்ளி வைத்தேன். ஆடுகிற படகில் தன் தொடையிலேயே குத்திக்கொள்வாள்.

கடைசியில் நின்றது மஞ்சள் கைப்பிடி. அலகின் முதுகுப் பக்கம் பெரிய துளை, கட்டைவிரலின் சதை முழுவதும் அதற்குள் பதியும். தள்ளினால் போதும், திறந்து ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். மூக்கு மொண்ணை. பாதி அலகில் ரம்பப் பல், கூட்டுக்கயிற்றை இரண்டே இழுப்பில் அறுத்தது. மடித்தால் சீப்பளவுதான். மறுபடி முக்கி, மறுபடி எண்ணெய் தடவி, கண்ணை மூடி இருபது தடவை திறந்தேன். இருபது தடவையும் திறந்தது.

“மாப்பிள்ளை பாக்கறப்ப இவ்வளவு பாத்தியாடி?” என்றாள் ஃபே.

“இல்ல,” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

ரேலீனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. “ரொட்டி வெட்டற கத்திக்குக் குட்டி பொறந்த மாதிரி இருக்கு,” என்றாள். பிறகு அதை விடவே இல்லை. இரைப்பெட்டியின் வார், ஆரஞ்சுப் பழம், தபாலில் வந்த பொட்டலம், நாய்க்குப் போடும் எலும்பிலிருந்த கொழுப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். கரைக்கு வந்தாலும் அவள் இடுப்பில் இருக்கும்.

அதற்குச் சரடு கட்டினது நான். இங்கே படகில் கட்டாத பொருள் எதுவும் நம்முடையது இல்லை. தேநீர்க் கோப்பைக்குக்கூட ஒரு கயிறு இருக்கும். கட்டாத கத்தி ஒரு வாரத்தில் கடலடிக்குப் போய்விடும், தேவைப்படும் அன்று அவள் இடுப்பில் இருக்காது. அதே சமயம் சரடு நீளமாக இருந்தால் அதுவும் ஒரு கயிறுதான். கூட்டை மேலே இழுக்கும் விஞ்ச் சுற்றும்போது அதையும் சுருட்டி இழுத்துவிடும். இரண்டையும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவளைச் சமையலறையில் நிற்கவைத்து, ரப்பர் கால்சட்டைக்கு மேலே கட்டும் தோல் பெல்ட்டிலிருந்து கையை நீட்டச் சொல்லி அளந்தேன். இரண்டு சாண் சரியாக இருந்தது. வலைநூல் சரட்டை எடுத்து, நழுவாத முடிச்சாகப் போட்டு, முடிச்சை நெருப்பில் காட்டி உருக்கினேன். நெவ் இழுத்துப் பார்த்துவிட்டு, “இதுல படகையே கட்டலாம்,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த இரவு மாதக்கணக்கில் இல்லாத மாதிரி தூங்கினேன்.

ஒன்பதாவது பருவத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், நெவ்வுக்கு மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்தது. இறாலுக்கு நல்ல கிராக்கி இருக்கிற வாரம். கரையில் ஆள் யாரும் சும்மா இல்லை. இரைப்பெட்டியை நிரப்பிக் கொடுக்க மட்டும் நான் வந்தால் போதும் என்றார். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை, பிறகு அன்றுதான், நான் கூடு போடும் படகில் ஏறினேன். விளிம்புக்கு எதிர்ப்பக்கம், ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் பாதத்தையும் எடுக்காமல்தான் நடந்தேன்.

காலை பதினொரு மணி. வெயில். காற்று அதிகம் இல்லை, தெற்கிலிருந்து நீளமான அலை வந்துகொண்டிருந்தது. ரேலீன் ஏதோ சொல்லி நெவ்வைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருபத்தோராவது கூட்டைத் தள்ளினாள். கயிறு ஓடியது. அவள் கால் தவறான இடத்தில் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்ல முடியும். அலையில் படகு சாய்ந்தபோது அடுக்கிவைத்திருந்த கூடுகளின் மேலிருந்த ஒரு சுற்றுக் கயிறு தானாக நழுவி அவள் பூட்ஸ்மேல் விழுந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் இறுகிவிட்டது.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்த நிலையில் டெக்கில் வழுக்கிக்கொண்டு போனாள். விளிம்பில் முட்டி, இடது கால் வெளியே போய்விட்டது. வலது கையை இரும்புக் கம்பத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டாள். நெவ் “ரேலீன்!” என்று அலறி எஞ்சினைப் பின்னுக்குப் போட்டார். படகு நடுங்கியது. அவருக்கு ஒரு கைதான். சக்கரத்தை விட்டால் கயிறு படகுக்கு அடியில் சுற்றும் விசிறியில் சிக்கிவிடும். அவரால் வர முடியாது.

ரேலீனின் இடது கை பெல்ட்டுக்குப் போனது. ‘டக்’ என்ற சத்தம் எஞ்சின் சத்தத்துக்குள்ளேயும் எனக்குக் கேட்டது. திறந்துவிட்டது என்று நினைத்தேன். கடவுளே, திறந்துவிட்டது. அவள் குனிந்து காலைப் பார்த்துக் கையை நீட்டினாள். கை பாதியிலேயே நின்றது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் நின்றது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. சரடு பெல்ட்டிலிருந்து வீணைத் தந்திபோல விறைத்துக்கொண்டு நின்றது. கத்திக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அக்கா! எட்டல!”

நின்ற மனிதரை அளந்தேன் நான். காலை ஒரு கூடு இழுக்கும்போது முழங்கால் மடங்காது, இடுப்புக்கும் கணுக்காலுக்கும் நடுவிலிருக்கிற தூரம் குறையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அறுந்துவிடாதபடி முடிச்சையும் உருக்கி வைத்திருந்தேன்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. அவள் முதுகோடு ஒட்டி முழங்காலில் நின்று, அவள் இடுப்பைச் சுற்றிக் கைவிட்டு பெல்ட்டின் கொக்கியைத் தேடினேன். விரல் மரத்துப்போயிருந்தது. தோல் ஈரத்தில் இறுகியிருந்தது. அவள் கம்பத்திலிருந்து நழுவிக்கொண்டிருந்தாள், அது எனக்கு அவள் முதுகு வழியாகத் தெரிந்தது. சின்னப் பிள்ளையில் அவளுக்கு நான்தான் பள்ளிக்கு உடுத்திவிடுவேன். அப்போதும் அசையாமல் நிற்க மாட்டாள். “சும்மா இருடி, சும்மா இருடி,” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு அவள்தான் அதைச் சொன்னாள், எனக்கு நினைவில்லை. முள் துளையிலிருந்து வெளியே வந்தது. பெல்ட் வளையங்களை விட்டு உருவிக்கொண்டு போனது. கத்தி எட்டியது. இரண்டு இழுப்பு.

கயிறு போய்விட்டது. கூடும் போய்விட்டது. கத்தியும் சரடும் பெல்ட்டும் அவள் கையிலிருந்து நழுவி அதன் பின்னாலேயே போயின. நாங்கள் இருவரும் டெக்கில் கிடந்தோம். அவளுடைய பூட்ஸ் கணுக்காலுக்குக் கீழே தவறான பக்கம் திரும்பியிருந்தது.

“வாந்தி வருதுக்கா,” என்றாள். எடுத்தாள். என் மடியில்தான்.

நாங்கள் துறைக்கு வருவதற்குள் ரேடியோவில் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. லியோனி பார்த்து வாங்கிய கத்தி தங்கையைக் காப்பாற்றிவிட்டது. நெவ் சொன்னது அதுதான். அவர் நின்ற இடத்திலிருந்து எங்கள் முதுகுதான் தெரிந்தது. நான் அவளை உள்ளே பிடித்து இழுத்தேன், அவள் அறுத்தாள் என்றுதான் அவர் புரிந்துகொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. படகுத்துறையில் ஆண்கள் தொப்பியைக் கழற்றி எனக்கு வழிவிட்டார்கள். எனக்கு வாழ்க்கையில் யாரும் வழிவிட்டதில்லை. தொழிற்சாலைப் பெண்கள் கேக் செய்து அனுப்பினார்கள்.

மவுண்ட் கேம்பியர் ஆஸ்பத்திரியில் ரேலீன் காலை உயரத்தில் கட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“சரடு விஷயம் நான் யார்கிட்டயும் சொல்லல,” என்றாள்.

“அந்தச் சரடால நான் உன்னைக் கொன்னிருப்பேன்.”

“கொல்லலியே. ஊரு உன்னைக் கொண்டாடுது. ஒரு தடவையாவது கொண்டாடட்டும். நீ வாயத் திறக்காத. அதான் உனக்கு நல்லா வருமே.”

அப்படியே இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. தோன்றியது மட்டுமில்லை, சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு நாள் ஃபேயின் கடைக்கு விளக்குத் திரி வாங்கப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு மரச்சட்டத்தில் ஐந்து மஞ்சள் கத்திகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் சரடு.

“பாத்தியா?” என்றாள் ஃபே. “இதுவரைக்கும் பதினாறு போயிடுச்சு. பொண்டாட்டிங்கதான் வந்து வாங்கறாங்க. லியோனி கட்டின மாதிரியே கட்டிக் குடுங்கறாங்க. ரெண்டு சாண், நெருப்புல காட்டின முடிச்சு. நெவ்கிட்டக் கேட்டு அச்சு அசலா கட்டியிருக்கேன்.”

அந்த ஐந்து சரடுகளும் கதவுக் காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. பதினாறு படகாட்கள். நகத்தால் திறக்கும் பழைய கத்தியை வீசிவிட்டு, என்னை நம்பி, காலுக்கு எட்டாத கத்தியைக் கட்டிக்கொண்டு தினமும் அறுபது கூடு தள்ளுகிறார்கள்.

“ஃபே, இதையெல்லாம் எடுத்துடு.”

“ஏன்டி, உனக்குப் பங்கு வேணுமா?”

“எடுத்துடு,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரியை வாங்கவில்லை.

அன்று மத்தியானம் படகுகள் திரும்பி, இறாலை எடைபோட்டு முடிக்கிற நேரத்துக்குத் துறைக்குப் போனேன். ரேலீன் இரண்டாவது அறுவைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். எனக்காகப் பேச அங்கே ஆள் இல்லை. இரைக்கொட்டகை முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நெவ்வும் இருந்தார். படகில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். அங்கே யோசிக்க நேரம் இருக்கவில்லை. இங்கே கொட்டகைவரை நடந்து வர வேண்டியிருந்தது.

“ஒரு விஷயம் சொல்லணும்,” என்றேன்.

வயதில் மூத்த கஸ் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். “யாரு, லியோனியா பேசறது? டாரல், மணி பாத்து வைடா. நாளைக்குப் பேப்பர்ல போடணும்.”

சிரித்தார்கள். டாரல் தடித்த உடம்புக்காரன், நல்லவன். அவன் பெல்ட்டில் மஞ்சள் கைப்பிடி தெரிந்தது.

“டாரல், தரையில உக்காரு.”

“எதுக்கு? பாட்டு வச்சு நாற்காலி ஆட்டமா?”

“உக்காருப்பா. காலை நீட்டு. கத்திய எடுத்து பூட்ஸைத் தொடு.”

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான், ஒற்றைக் கையால் கத்தியைத் திறந்தான், நீட்டினான். சரடு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.

“வயிறு குறுக்க நிக்குதுடா,” என்றார் யாரோ.

“முழங்கால மடக்கினா எட்டுது, பாரு,” என்றான் டாரல்.

கீழே கிடந்த கயிற்றை எடுத்து அவன் பூட்ஸில் ஒரு சுற்றுப் போட்டேன். மறுமுனையைக் கஸ்ஸின் கையில் கொடுத்தேன். “இழுங்க. கூடு இழுக்கற மாதிரி இழுங்க.”

கஸ் இழுத்தார். இன்னொருவரும் சேர்ந்து இழுத்தார். டாரல் சரளைக்கல் தரையில் வழுக்கிக்கொண்டு போனான், கால் விறைத்தது. “மடக்கு,” என்றேன். மடக்க முடியவில்லை. கத்தி பிடித்த கை காற்றில் நீண்டு நின்றது. இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

“விடுங்க,” என்றான். “விடுங்கய்யா.”

கயிற்றை விட்டார்கள்.

“ரேலீனுக்கும் எட்டல,” என்றேன். “நான் பெல்ட்டைக் கழட்டினதாலதான் எட்டுச்சு. நான் அங்க இல்லேன்னா அவ போயிருப்பா. நான்தான் குறைவா அளந்தேன். நின்னபடி அளந்துட்டேன்.”

நெவ் எழுந்து நின்றார். “இத எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பயம்.”

“எங்கிட்டயா?”

“எல்லார்கிட்டயும்.”

அவர் தலைகுனிந்தார். பிறகு தன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, அதன் சரட்டை அதே கத்தியால் அறுத்துப்போட்டார்.

“அப்ப கட்டாமயே வச்சுக்கறதா?” என்றார் கஸ். “ஒரு வாரத்துல கடல் தின்னுடுமே.”

அதற்கு நான் கொஞ்சம் தயாராகத்தான் வந்திருந்தேன். கடையிலிருந்து வீட்டுக்குப் போய், சமையலறைக் கதவுப் பிடியில் பெல்ட்டை மாட்டி, என்னிடமிருந்த நூல் எல்லாவற்றையும் முயன்று பார்த்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பருத்தித் தையல்நூல் உருண்டையை எடுத்தேன். சரட்டை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் அந்த நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். கத்தி நழுவினால் தொங்கும், விழாது. கையால் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் நூல் அறுந்து கத்தி கையோடு வந்துவிடும். டாரல் இழுத்துப் பார்த்தான். ‘பட்’ என்று அறுந்தது.

“நனைஞ்சா இத்துப்போகுமே,” என்றான்.

“ஞாயித்துக்கிழமை தோறும் மாத்திக் கட்டணும்.”

“யாரு கட்டறது? என் பொண்டாட்டிக்கு ஊசியப் பாத்தாலே தலைவலி.”

“நீயே கட்டு. உன் கால்தானே,” என்றேன்.

கஸ் டாரலைப் பார்த்து, “மணி பாத்தியாடா?” என்றார். இந்தத் தடவை நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு நூல் உருண்டையை டாரல் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதன் பிறகு கேக் வரவில்லை. கிரெய்க் டன்னின் மனைவி மட்டும் நாரா முனையிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, படகில் போகிற தன் மைத்துனனுக்காக அந்த நூல்முடிச்சை எப்படிப் போடுவது என்று காட்டச் சொன்னாள். என் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான்கு தடவை கட்டிப் பழகினாள். தேநீர் வேண்டாம் என்றாள்.

ரேலீன் அடுத்த அக்டோபரில் மறுபடி கடலுக்குப் போனாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். முதல் தடவையாக, சத்தமாக, அவள் முகத்துக்கு நேராக. அவள் கேட்டுக்கொண்டாள், என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், போனாள்.

இப்போது ரேலீனுக்கு ஐம்பத்து நான்கு வயது. குளிர் காலத்தில் கணுக்கால் வலிக்கும். பெல்லமி துறையில் ஏழு படகுகள் இருக்கின்றன. ஐந்தில் நூல் கட்டுகிறார்கள். ஒன்றில் கத்தியே வைத்துக்கொள்வதில்லை. இன்னொன்றில் இன்னும் இரண்டு சாண் சரடுதான். போன வாரமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.